தாது வருடப் பஞ்சமும் ஒரு பவுண்டு அரிசியும்

பஞ்சம் என்றதும் நமக்கு என்ன தோன்றும்? மழை இல்லை, விளைச்சல் இல்லை, அதனால் சாப்பாடு இல்லை. பள்ளிக்கூடப் பாடமும் இரண்டு வரியில் இப்படித்தான் முடித்துவிடும். ஆனால் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் புரட்டிப்போட்ட தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தால், கதை அவ்வளவு எளிதாக இல்லை நண்பர்களே.

1876-ல் பிறந்த தமிழ் வருடத்தின் பெயர் தாது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது, வடகிழக்கும் கைவிட்டது. சென்னை மாகாணம் மட்டுமல்ல, மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் என்று பஞ்சம் பரவியது. பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் பேர் என்பது ஒரு கணக்கு. அதைவிட அதிகம் என்பவர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் 1877 ஜனவரி 1-ம் தேதி டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பெரிய தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்துக்கொண்டிருந்தார்!

இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பான மனிதர் ரிச்சர்ட் டெம்பிள். 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தைக் கவனித்தவர் இவர்தான். பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அளவுக்கு அரிசி இறக்கி மக்களுக்குக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. பாராட்டினார்களா? இல்லை. "இவ்வளவு செலவு ஏன்?" என்று மேலே இருந்தவர்கள் கடிந்துகொண்டார்கள். மூன்று வருடம் கழித்து அதே டெம்பிளைத் தெற்கே அனுப்பினார்கள். இந்த முறை அவர் சிக்கனக்காரராகத்தான் வந்தார்.

நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அரிசியாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,600 கலோரி. வெயிலில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆளுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். பருப்பு, உப்பு, விறகு எல்லாம் அந்த ஓரணாவில்தான், அதுவும் பஞ்சகால விலையில்! சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். வெறும் வயிறு நிரம்பினால் போதாது, உடம்புக்குச் சத்தும் வேண்டும் என்று அப்போதே சொன்ன மனிதர். பம்பாய்ப் பக்கம் தொழிலாளர்களே வேலையை விட்டு வெளியேறினார்கள், பூனா சர்வஜனிக் சபா அவர்களுக்காகக் குரல் கொடுத்தது. கடைசியில் 1877-ல் சென்னையில் கூலி கொஞ்சம் உயர்ந்தது, பருப்பும் சேர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

சரி, நாட்டில் தானியமே இல்லையா? இருந்தது. 1877-ல் மட்டும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான கோதுமை சுமார் 3,20,000 டன். தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது லிட்டனின் கொள்கை. ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதியதைச் சரியாக நூறு வருடம் கழித்து மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடமே சொல்லிக் கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆசை மட்டும் 'டிமாண்ட்' ஆகாது, கையில் காசும் இருக்க வேண்டும். தேர்வுக்கு எழுதும்போது அது வெறும் இரண்டு மார்க் கேள்வி. 1877-ல் அதன் அர்த்தம் வேறு. வயல் காய்ந்ததும் கூலிக்காரனுக்கு வேலை போனது, கூடவே விலை ஏறியது. அவன் பசி சந்தையின் காதில் விழவே இல்லை. லண்டன்காரனிடம் காசு இருந்தது, கோதுமை அங்கே போனது. ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்று நம்பியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். காசு இருக்கும் ஊரைத் தேடித்தான் ரயிலும் மூட்டைகளைச் சுமந்து போகும்.

1880-ல் பஞ்சக் கமிஷனும் இதையே ஒப்புக்கொண்டது. மொத்த நாட்டில் உணவு இருந்தது, வாங்குவதற்கு மக்களிடம் வருமானம் இல்லை. நூறு வருடம் கழித்து 1981-ல் அமர்த்தியா சென் 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து இதைத் தெளிவாக விளக்கினார். 2024-ல் உலகில் பட்டினியில் இருந்தவர்கள் சுமார் 67 கோடி என்கிறது ஐ.நா. அறிக்கை. உலகம் விளைவிக்கும் தானியமோ எல்லோருக்கும் காணும்.

தாது வருடத்தில் பிழைக்க வழி தேடிப் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கேயே தங்கியவர்கள் நிவாரண வேலைக்குப் போனார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து, சுமார் 8 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியது அவர்கள்தான். அதற்கு வைத்த பெயர் அன்றைய கவர்னருடையது, பக்கிங்ஹாம். பறக்கும் ரயிலில் போகும்போது ஜன்னலுக்குக் கீழே கறுப்பாக ஓடுகிறதே, அதுதான்.