இரு கரைகளுக்கு நடுவே ஓடிய ஜாஸ்

ஜாஸ் சங்கீதத்தின் வரலாற்றை எழுதுவோர் 1960-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு கோடு கிழிப்பது வழக்கம். கோட்டுக்கு இப்பால் ஆர்ட் பிளேக்கி, ஹொரேஸ் சில்வர் முதலியோர் வளர்த்த ‘ஹார்ட் பாப்’ மரபு. கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களின் உருக்கமும் ‘புளூஸ்’ இசையின் துயரமும் கலந்து, தாளக்கட்டுக் குலையாதது. அப்பால், ஆர்னெட் கோல்மன் முதலியோர் கட்டுகளைத் தளர்த்திய புதுமை. ஆயின் கலைஞர்களின் வாழ்வை நோக்கினால் இக்கோடு நிலைப்பதில்லை.

டிரம்பெட் வித்வான் ஃபிரெடி ஹப்பார்டு 1960 டிசம்பரில் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ இசைத்தட்டில் வாசித்தார். அடுத்த ஆண்டே பிளேக்கியின் குழுவில் சேர்ந்தார். அதே இசைத்தட்டில் பங்குகொண்ட மற்றொருவர் எரிக் டால்ஃபி. ஆல்ட்டோ சாக்ஸபோன், புல்லாங்குழல், பாஸ் கிளாரினெட் ஆகிய மூன்றிலும் வல்லவர். 1961-இல் அவரும் ஜான் கோல்ட்ரேனும் இணைந்து வாசித்ததைக் கேட்ட ‘டவுன் பீட்’ பத்திரிகை விமர்சகர் ஒருவர், அது ஜாஸுக்கே விரோதமானது என எழுதினார். அந்த நவம்பரில்தான் நியூயார்க்கில் அவ்விருவரும் ‘இந்தியா’ என்னும் உருப்படியைப் பதிவு செய்தனர். மறு ஆண்டு அதே பத்திரிகையில் இருவரும் தம் விளக்கத்தை அளித்தனர்.

டால்ஃபியின் முழுமையான மறுமொழி, 1964 பிப்ரவரி 25-இல் பதிவான ‘அவுட் டு லஞ்ச்’ என்னும் இசைத்தட்டு. ஹப்பார்டும் இதில் உண்டு. பியானோவுக்குப் பதிலாக பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் ஒலிக்கிறது. அதன் நாதம் இடைவெளி விட்டு ஒலிப்பதால், ரிச்சர்டு டேவிஸின் பாஸும், பதினெட்டே வயதான டோனி வில்லியம்ஸின் டிரம்ஸும் தெளிவாகக் கேட்கின்றன.

இதனைக் கேட்பது எவ்வாறு? முதன்முறை பாஸ் ஒன்றையே பின்தொடர்க. மறுமுறை அமைப்பைக் கவனிக்க: முதலில் மெட்டு, பின்னர் ஒவ்வொருவரின் மனோதர்மம், ஈற்றில் மீண்டும் மெட்டு. ஹார்ட் பாப் வித்வான்கள் பின்பற்றிய முறையும் இதுவே. பல்லவியை விட்டு நெடுந்தொலைவு சென்று திரும்பும் பாடகரைக் கேட்டுப் பழகிய நம் நேயர்களுக்கு இது புதிதன்று. டால்ஃபியின் ஸ்வரங்கள் திடுமெனத் தாவும்போது, மீளும் வழி உண்டென்ற நம்பிக்கையோடு கேட்கலாம்.

அவ்வாண்டு ஜூன் 29-இல், நீரிழிவு நோயின் கடுமையால், தமது முப்பத்தாறாம் வயதில் டால்ஃபி பெர்லின் நகரில் காலமானார். இசைத்தட்டு அதன் பின்னரே வெளிவந்தது. அதன் முதல் உருப்படியின் பெயர் ‘தொப்பியும் தாடியும்’ எனப் பொருள்படும். மூத்த பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கின் தோற்றத்தைக் குறிப்பது. ஜாஸுக்கு விரோதி எனப்பட்டவர், முன்னோர் ஒருவருக்கு வணக்கம் செலுத்தியே தம் இசையைத் தொடங்கினார்.