சடுகுடுவுக்கு வெளிச்சம் வந்தது, கிளித்தட்டுக்கு ஏன் வரவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

லண்டனில் சகோதரர்கள் இருவர் தொடங்கிய 'வேர்ல்ட் சேஸ் டேக்' என்றொரு போட்டி இருக்கிறது. தடைகள் வைத்த ஒரு சின்னக் களத்தில் ஒருவர் ஓட வேண்டும், இன்னொருவர் 20 விநாடிக்குள் தொட வேண்டும். நம் பிள்ளைகள் திண்ணையிலும் களத்துமேட்டிலும் ஓடிய அதே 'தொட்டுப் பிடிச்சு'தான். அதற்கு அணிகள், சீருடை, லோகோ எல்லாம் வந்துவிட்டன. யூடியூபில் உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். "நம்ம விளையாட்டை வெள்ளைக்காரன் காசாக்கிட்டான்" என்று ஒரு நண்பர் அங்கலாய்த்தார். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டு விளையாடும் ஆட்டம் ஒன்றை அதற்கு முன்பே பெரிய பிராண்டாக ஆக்கிக் காட்டியவர்கள் நாம்தான். சடுகுடுவைச் சொல்கிறேன்.

சடுகுடு அடிப்படையில் தொட்டுவிட்டு ஓடும் ஆட்டம். ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற ஆட்டங்களில் தொட வருபவன்தான் வேட்டைக்காரன். இங்கே தொட வருபவன் ஒற்றை ஆள், எதிரே ஏழு பேர். தொட்ட அந்த நொடியிலேயே வேட்டையாடப்படுபவன் அவனாகிவிடுகிறான். போதாததற்கு மூச்சுக் கட்டுப்பாடு வேறு. இந்த ஒரு திருப்பம்தான் இந்த ஆட்டத்தை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

"கை பிடி"தான் கபடி ஆயிற்று, ஐயாயிரம் வருஷப் பழமை என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். பெருமைப்பட ஆதாரமுள்ள சங்கதியே நிறைய இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? வங்காளத்தில் இது ஹாடுடு, மராட்டியத்தில் ஹுதுது, நமக்குச் சடுகுடு. ஊருக்கொரு பெயர், ஊருக்கொரு சட்டம். அவுட்டானவன் திரும்ப உள்ளே வரலாமா கூடாதா என்பதிலேயே சஞ்சீவனி, காமினி, அமர் என்று மூன்று வகை இருந்தது. சஞ்சீவனியில் எதிரணியில் ஒருவன் அவுட்டானால் நம் ஆள் ஒருவன் உயிர்பெற்று வருவான். காமினியில் போனவன் போனவன்தான். அமரில் யாரும் வெளியே போவதில்லை, புள்ளி மட்டும் ஏறும். இன்றைய கபடி நிற்பது சஞ்சீவனி வழியில்.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தி, சட்டம் எழுதி அச்சடித்தவர்கள் மராட்டியர்கள், 1920களில். அந்த நன்றியை நாம் மறைக்கக் கூடாது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலியினர் அங்கே போய் இதை ஆடிக் காட்டினார்கள். 1950இல் அகில இந்திய கபடிக் கூட்டமைப்பு உருவானது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நம் சென்னையில் நடந்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமாயிற்று, தங்கம் நமக்கு.

இதற்கிடையே நம் பக்கம் என்ன நடந்தது? இதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுப்பு முடிந்தால் வயல் காய்ந்து கிடக்கும். அதுதான் மைதானம். கோடு போடச் சுண்ணாம்போ சாம்பலோ போதும். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காலணி வேண்டாம். சம்பா அரிசிச் சோறும் மூச்சும் இருந்தால் ஆட்டக்காரன். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஆலயத் திருவிழாவுக்கும், மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ஓணத்துக்கும், ஊர் மன்றங்களும் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளும் போட்டி வைத்தன. பிறகு மின்னொளிக் கபடி வந்தது. ராத்திரி முழுக்க ஆட்டம், விடியும்போது இறுதிப் போட்டி. பெண்கள் வீட்டு மதிலுக்கு மேலிருந்து பார்ப்பார்கள். டியூப் லைட்டையும் மைக் செட்டையும் குறைசொல்லாதீர்கள், இந்த ஆட்டத்தின் முதல் விளம்பரம் அதுதான். ஊர்ப் பெயர் பொறித்த பனியன்தான் முதல் பிராண்ட்.

அந்தப் பனியனுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊர்ப் பெயர் சில இடங்களில் சாதிப் பெயராகவே ஒலித்தது. தோற்ற கோபம் களத்தோடு நிற்காத இரவுகளும் தென்மாவட்டங்களில் இருந்தன. தூத்துக்குடி மாவட்டம் மணத்தியிலிருந்து எழுந்து 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்று, 1995இல் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவித்தான் மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' எடுத்தார். பார்க்காதவர்கள் பாருங்கள். ஆட்டம் ஊரை ஒன்றுசேர்க்கும் என்று மேடையில் பேசுவது சுலபம். எந்த ஊரை, யாரோடு என்று கேட்டால்தான் பதில் சிக்கலாகும்.

அந்த நாளில் ஆடியவனுக்குக் கனவு கோப்பை அல்ல, வேலை. ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே கரையேறும். கபடி ஆடியதால் அரசு ஊழியர் ஆனவர்கள் எத்தனையோ கிராமங்களில் உண்டு. தொலைக்காட்சி வருமுன் இந்த ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தது அந்த நம்பிக்கைதான்.

பிறகு 2014. வர்ணனையாளர் சாரு சர்மாவும் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவும் 'மஷால் ஸ்போர்ட்ஸ்' என்ற நிறுவனத்தின் வழியே ஸ்டார் தொலைக்காட்சியோடு சேர்ந்து புரோ கபடி லீகைத் தொடங்கினார்கள். ஜூலை 26இல் ஆரம்பம், எட்டு அணிகள். அபிஷேக் பச்சனின் ஜெய்ப்பூர் முதல் கோப்பையை வென்றது. முதல் பருவத்தை 43.5 கோடிப் பேர் பார்த்ததாகச் செய்தி வந்தபோது கிரிக்கெட்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் செய்த வேலையைக் கவனித்தால் ஒரு பாடமே நடத்தலாம். மண்ணை எடுத்துவிட்டு மேட் விரித்தார்கள். ஒவ்வொரு ரைடுக்கும் 30 விநாடி கடிகாரம். இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் அவுட். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரைடரைப் பிடித்தால் கூடுதல் புள்ளி. தோற்கும் அணிக்கும் கடைசிவரை உயிர் இருக்கும்படி சட்டத்தைச் செதுக்கினார்கள். புதிதாகப் பார்க்கும் வீட்டு அம்மாவுக்கும் பத்து நிமிடத்தில் ஆட்டம் பிடிபட்டுவிடும்.

காசும் ஏறியது. 2014 ஏலத்தில் அதிகபட்ச விலை ராகேஷ் குமாருக்கு 12.8 லட்சம். 2018இல் மோனு கோயத்துக்கு 1.51 கோடி. 2022இல் நம் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி, பருவம் முடிந்தது. ஆனாலும் அந்த அணி அந்த ஆண்டுதான் முதன்முறையாக அரையிறுதிவரை போனது! அணி வந்தது 2017இல். உரிமையாளர்களில் சச்சின், விளம்பரத் தூதராகக் கமல், கேப்டன் அஜய் தாக்கூர். எல்லாம் இருந்தும் முதல் சில பருவங்கள் அட்டவணையின் அடியில்தான். அதைவிட எனக்கு உறுத்தியது, பெயரில் தமிழ் இருந்த அளவுக்குக் களத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இல்லாதது. தஞ்சைப் பக்கத்துச் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் லீகில் ஆடியவர், 2016 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். அப்படிப்பட்டவர்கள் வளர்ந்தது மண் களத்தில். இன்றைய பையனுக்கு மேட்டில் பழகாமல் வழியில்லை. மேட் வாங்கும் வசதி எத்தனை ஊர் மன்றத்துக்கு இருக்கிறது? மண்ணில் வழுக்கிப் பிடிப்பது ஒரு வித்தை, மேட்டில் காலை ஊன்றித் திரும்புவது வேறு வித்தை.

ஒரு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். மதிலுக்கு மேலிருந்து பார்த்தவர்களின் பேத்திகள் களத்துக்குள் வந்துவிட்டார்கள்.

சரி, கிளித்தட்டு?

கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஒருவன் காவல் நிற்க, தொடுபடாமல் கடைசிவரை போய்த் திரும்ப வேண்டும். 'கிளி' மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். என் கணிப்பில் சடுகுடுவைவிடப் புத்தி அதிகம் வேண்டிய ஆட்டம் அது. ஒருவன் ஏமாற்று காட்டுவான், அந்த நேரத்தில் இன்னொருவன் பாய்வான். நிலா வெளிச்சத்தில் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் பிள்ளைகள் ஆடினார்கள். தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து எழுதியபோது இதையும் பதிவு செய்தார். மராட்டியத்தில் இதே ஆட்டம் 'ஆட்யா பாட்யா', அதற்குக் கூட்டமைப்பும் தேசியப் போட்டியும் உண்டு. கோ-கோவுக்கு 2022இல் லீக் வந்தது, 2025 ஜனவரியில் தில்லியில் முதல் உலகக் கோப்பையே நடந்தது. நம் கிளித்தட்டுக்கு எழுதிய ஒரு சட்டப் புத்தகம்கூடப் பள்ளிக்கூட அலமாரியில் இல்லை. சடுகுடுவுக்கு நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த அந்த முதல் வேலை, அதாவது எல்லா ஊர்க்காரர்களும் உட்கார்ந்து ஒரே சட்டத்துக்கு ஒத்துக்கொள்வது, இங்கே நடக்கவேயில்லை. அது நடக்காமல் லோகோ வந்து என்ன செய்யும்?

அதனால் ஒரு சின்ன வேலை கேட்கிறேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் சரி, உங்கள் ஊரில் கிளித்தட்டுக்கு எத்தனை கோடு, கிளி எங்கெல்லாம் ஓடலாம், திரும்பி வருபவன் என்ன சொல்லிக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று எழுதுங்கள். வீட்டில் எழுபது தாண்டிய அம்மாவோ ஆச்சியோ இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். படம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது. நோட்டு ஒன்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.