கேப்டவுனிலிருந்து கரிவலம் வரை: சுகாதாரப் பதிவு யாருக்காக?

ஆப்பிரிக்காவில் மருத்துவத் தகவல் தொழில்நுட்பம் என்றதும் தமிழ் வாசகர் பலருக்கு நினைவுக்கு வருவது அப்துல் கலாம் முன்வைத்த திட்டம்தான். 2004 செப்டம்பரில் பான்-ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய அவர், ஆப்பிரிக்க நாடுகளைச் செயற்கைக்கோள் வழியாக இந்திய மருத்துவமனைகளோடும் பல்கலைக்கழகங்களோடும் இணைக்கலாம் என்றார். 2009 பிப்ரவரியில் அதன் முதல் கட்டம் தொடங்கியது. இந்தியா கொடுத்தது, ஆப்பிரிக்கா பெற்றுக்கொண்டது என்ற எண்ணம் அப்போது நம்மிடையே வேரூன்றியது. அது பாதி வரலாறுதான். சுகாதாரத் தரவைத் திரட்டிப் பயன்படுத்தும் துறையில் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு ஒரு மென்பொருளும், அதைவிட முக்கியமாக ஒரு கொள்கையும் வந்து சேர்ந்தன. பதிவு, அதை எழுதுகிறவருக்கே முதலில் பயன்பட வேண்டும் என்பதே அக்கொள்கை. அதை அளவுகோலாகக் கொண்டு, சங்கரன்கோவில் வட்டத்துக் கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஓர் ஊரின் நிலையிலிருந்து தமிழ்நாட்டுத் தாய்சேய் நலப் பதிவை மதிப்பிடுகிறது இக்கட்டுரை.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தபோது தென்னாப்பிரிக்காவின் சுகாதார நிர்வாகம் 14 தனித்தனித் துறைகளாகச் சிதறிக் கிடந்தது. இனத்துக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று, கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தாயகப் பகுதிகளுக்கு ஒன்று எனப் படிவங்கள் வேறுபட்டன. ஒரு துறையின் கணக்கை இன்னொன்றின் கணக்கோடு சேர்த்துக் கூட்டவும் வழியில்லை. இந்த நிலையில் வெஸ்டர்ன் கேப், கேப்டவுன் பல்கலைக்கழகங்களும் நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஹிஸ்ப் என்ற சுகாதாரத் தகவல் திட்டத்தைத் தொடங்கின. கேப்டவுனை அடுத்த மிட்செல்ஸ் பிளெயின் போன்ற பகுதிகளில் செவிலியர்களோடு உட்கார்ந்து, உண்மையில் தேவைப்படும் தகவல்கள் எவை என்று பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த மென்பொருள்தான் டி.எச்.ஐ.எஸ். மேலிடம் கேட்கும் குறைந்தபட்சத் தகவலை எல்லோரும் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு மாவட்டமும், ஒவ்வொரு நிலையமும் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். இதுவே அதன் அடிப்படை. அதிகாரத்தைக் கீழே இறக்கி வைக்க விரும்பிய ஓர் அரசியல் காலத்தின் முத்திரை அந்த மென்பொருளின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது.

2000இல் ஹிஸ்ப் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் கால் ஊன்றிய இடம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குப்பம். இணையவழி இயங்கும் டி.எச்.ஐ.எஸ். 2, 2006இல் கேரளத்தில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. 2009இல் கடலடிக் கேபிள்கள் கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டின; அதன் பின், 2011 வாக்கில், கென்யா நாடு முழுவதையும் ஒரே சர்வரில் இணைத்தது. 2020 தொடக்கத்தில் இலங்கைச் சுகாதாரத் துறையினர் விமான நிலையம் வழியாக வருவோரைக் கண்காணிக்க இதே தளத்தில் கோவிட் பதிவை உருவாக்கினார்கள். நார்வே உட்படப் பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. கேப்டவுனில் தொடங்கியது குப்பத்திலும் திருவனந்தபுரத்திலும் நைரோபியிலும் கொழும்பிலும் மெருகேறியிருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடம் இருந்ததாலும், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததாலுமே இது நடந்தது.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 2008 வாக்கில் தொடங்கிய பிக்மி என்ற தாய்சேய் நலப் பதிவு முறை, எண்ணிக்கையைத் தொகுப்பதோடு நிற்காமல் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயரால் பின்தொடர்கிறது. இன்று கிராமங்களில் மாதம் தள்ளிப்போனதும் “பிக்மி நம்பர் வாங்கியாச்சா?” என்று கேட்பது இயல்பாகிவிட்டது. இந்த முறையின் அருமை தெரிவது தலைப்பிரசவத்தில்தான். கரிவலத்தில் வாக்கப்பட்ட பெண் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவளுக்கு இரத்தசோகை இருந்ததா, இரத்த அழுத்தம் எவ்வளவு, தடுப்பூசி போட்டாயிற்றா என்பதெல்லாம் புகுந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். பிரசவம் பார்ப்பதோ வேறு ஊர். 2019 நவம்பரில் கரிவலம் அடங்கிய தென்காசி தனி மாவட்டமான பிறகு, சிக்கலான பிரசவத்துக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் மாவட்ட எல்லையையும் கடந்தாக வேண்டும். காகிதப் பதிவேடு எல்லையைத் தாண்டாது. எண்ணோடு சேர்ந்த பதிவு தாண்டும்.

பதிவின் இந்த அருமையை மறுப்போர் சொல்வது எளிதில் தள்ளக்கூடியதல்ல. தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு விகிதம் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 (2001-03) என்பதிலிருந்து 54 (2018-20) ஆகக் குறைந்தது. இதற்குக் கம்ப்யூட்டரா காரணம் என்று அவர்கள் கேட்கிறார்கள். 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், இரத்த வங்கிகள், ஆம்புலன்ஸ்கள், 1990களிலேயே தொடங்கிய பேறுகால இறப்புத் தணிக்கை ஆகியவையே பெரும் பங்காற்றின என்பது உண்மை. ஆனால் அந்தத் தணிக்கை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். இறந்த ஒவ்வொரு தாயையும் பற்றி, எந்த இடத்தில் தாமதம் ஏற்பட்டது என்று பெயர் சொல்லி விசாரித்தது. கிடைத்த விடையைக் கொண்டு நிர்வாகத்தைத் திருத்தியது. அதுவும் தகவல் அமைப்புதான். பதிவைப் படித்துச் செயல்படும் பழக்கம் ஏற்கெனவே இருந்த மண்ணில்தான் பிக்மி விதைக்கப்பட்டது. ஆகவே இந்த மறுப்பு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது: பழக்கம் இல்லாத இடத்தில் மென்பொருள் மட்டும் பலன் தராது. உதாரணமாக, நன்கொடையாளர் ஆளுக்கொரு சோதனைத் திட்டத்தோடு வந்து குவிந்ததால், 2012இல் உகாண்டா அரசு அத்தகைய மின்-சுகாதாரத் திட்டங்களையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அங்கே கருவிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை ஒன்றுசேர்க்கும் பொறுப்புக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

இன்னொரு மறுப்பு செவிலியரின் சுமை பற்றியது. பதிவேட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டிய இரட்டை வேலை, வீடு வீடாகப் போக வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண்ணே ஆதாரம் என்றான பிறகு, பதிவு கவனிப்புக்காக என்பது மாறி, காகிதத்துக்காக என்றாகிவிடும் ஆபத்தும் உண்டு. இந்தக் குறை நியாயமானது. அதற்கான விடையும் தென்னாப்பிரிக்க அனுபவத்திலேயே இருக்கிறது. கேட்கும் தகவலைக் குறைக்க வேண்டும்; இரட்டைப் பதிவை ஒழிக்க வேண்டும்; ஏற்றிய தரவு அதே வாரத்தில் செவிலியரிடம் பட்டியலாகத் திரும்ப வேண்டும். இந்த மாதம் யாருக்குப் பிரசவ நாள், யாருக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே, யார் பரிசோதனைக்கு வரவில்லை, யார் தாய் வீடு போய்விட்டார் என்பது அவருக்குக் கிடைத்தால் பதிவு சுமையாகத் தோன்றாது. கரிவலத்தில் ஏற்றிய தகவல் சென்னைக்கு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைக் கணக்கிடுகிறோம். அது கரிவலத்துக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதையும் கணக்கிடத் தொடங்கினால்தான் ஆப்பிரிக்கா கற்றுத்தந்த பாடத்தை நாம் கற்றோம் என்று சொல்ல முடியும்.