கம்பெனித் தோட்டமும் புறவாசல் விதைகளும்

மேலகரம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்கு இருவர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர். மற்றவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக இருந்து மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் உ.வே.சாமிநாதையரையும் ஆதரித்த சுப்பிரமணிய தேசிகர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் கிடக்கும் இவ்வூரின் வரலாறு இந்த இருவரோடு முடிந்துவிட்டதாகவே பலரும் எழுதுகிறார்கள். நான் இங்கே எழுத எண்ணியது ஏட்டில் ஏறாத இன்னொரு வரலாறு. ஒரு வீட்டுப் புறவாசலிலிருந்து அடுத்த வீட்டுப் புறவாசலுக்குக் காய்கறி விதைகள் கைமாறிய கதை அது. அதைச் சொல்வதற்கு, அதற்கு நேர் எதிரான ஒரு தோட்டத்திலிருந்து தொடங்குவதுதான் வசதி. அந்தத் தோட்டமும் எங்களூருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

1800ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நறுமணப் பயிர்களுக்கென்று ஒரு தோட்டம் போட்டது. இந்திய மண்ணில் கிராம்பு வளரத் தொடங்கியது அந்தத் தோட்டத்தில்தான். குறவஞ்சியின் குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும்போது வள்ளிக்கிழங்கையும் தினையையும் தேனையும் அடுக்குவாள். கவிராயர் காலத்துக்குப் பிறகு நூறாண்டு நிறைவதற்குள் அதே மலையடிவாரத்தில், அவள் கேள்விப்பட்டே இராத தீவுகளின் மரம் வந்து நின்றுவிட்டது. அது வந்த வழி சாதாரணமானதன்று.

கிராம்பும் ஜாதிக்காயும் இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள மொலுக்கஸ் தீவுகளுக்கு உரியவை. அத்தீவுகளைப் பிடித்த டச்சுக் கம்பெனி, இவ்விரண்டும் தன் கையை விட்டு வெளியே முளைக்கக் கூடாது என்பதில் கொடூரமான உறுதியோடு இருந்தது. 1621இல் ஜாதிக்காய் விளைந்த பாண்டாத் தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். எஞ்சியோர் விரட்டப்பட்டார்கள், அல்லது அடிமைகளாக்கப்பட்டார்கள். கிராம்பை அம்போன் வட்டாரத்தோடு நிறுத்திவிட்டு, மற்றத் தீவுகளில் நின்ற மரங்களைப் படகுகளில் போய்த் தேடித் தேடி வெட்டினார்கள். ஏற்றுமதியாகும் ஜாதிக்காய் எங்கும் முளைத்துவிடாதபடி சுண்ணாம்புக் கரைசலில் நனைத்து அனுப்பினார்கள். விதையை விற்க வேண்டும், ஆனால் அது விதையாக இருக்கக் கூடாது! இந்த எண்ணம் நம் காலத்தில் பிறந்ததென்று நினைப்பவர்கள் இந்தச் சுண்ணாம்பை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காவலை முதலில் உடைத்தவர் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் ஏற்பாட்டில் 1770இல் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகள் களவாக மொரீஷியஸ் தீவுக்குப் போயின. 1796இல் ஆங்கிலேயர் அம்போனையும் பாண்டாவையும் பிடித்தபோது, அங்கிருந்து கன்றுகளையும் விதைகளையும் தங்கள் இடங்களுக்குக் கொண்டுபோக ஆளனுப்பினார்கள். குற்றாலத் தோட்டம் இந்த அலையில் எழுந்தது. களவுக்கும் போருக்கும் பின்னர் வந்த விதை எங்களூர் அருவிக்கரையில் முளைத்தது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சாகாது.

குற்றாலத்தில் நன்றாகத் தழைத்த அந்தக் கிராம்பு, மலையை விட்டு இறங்கவே ஐம்பதாண்டுகள் எடுத்துக்கொண்டது. 1850க்குப் பிறகுதான் நீலகிரிக்கும், அந்நாளைய திருவிதாங்கூரின் தென்பகுதிக்கும் பரவியது. போன இடங்களிலும் அது பெரும்பாலும் தோட்ட முதலாளிகளின் பயிராகவே இருந்தது. இன்று கன்னியாகுமரிக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. மேலகரத்து வீடுகளிலோ கிராம்பு அஞ்சறைப்பெட்டிக்குள் மட்டும் இருக்கிறது, புறவாசலில் இல்லை.

இதன் பக்கத்தில் மிளகாயை வைத்துப் பாருங்கள். அதுவும் கடல் தாண்டி வந்ததுதான், அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்தது. அதற்கென்று எந்த அரசும் தோட்டம் போடவில்லை. எந்தத் தளபதியும் போரிடவில்லை. ஆயினும் சில தலைமுறைகளுக்குள் அது மிளகின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மிளகின் பெயரையும் எடுத்துக்கொண்டு, மிளகு காணாத சிற்றூர் அடுப்புகளில்கூடப் புகுந்துவிட்டது. பப்பாளி, கொய்யா, சீனிக்கிழங்கு எல்லாம் அப்படி வந்தவையே. வடமாவட்டத்தார் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்கிறார்கள். அது வந்த துறைமுகத்தின் பெயர் அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது. இவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் என்பதற்கு ஆவணம் கிடையாது. முந்தானையில் முடிந்து அண்டை வீட்டுக்குக் கொடுத்ததற்கு யார் ஆவணம் எழுதுவார்கள்? அரசர் முன்னின்று பரப்பியது என்று சொல்லக்கூடிய ஒரு பயிர் மரச்சீனி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் பெயரோடு அது சேர்த்துச் சொல்லப்படுகிறது. எங்களுக்கு அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அந்தச் சீமையைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கும் அரசர் தொடங்கியதைத் தொடர்ந்து நடத்தியது, ஒரு வீட்டில் கிழங்கு பிடுங்கியதும் இன்னொரு வீட்டுக்குப் போன குச்சிகளே.

எல்லாப் பழியையும் கம்பெனியின் வேலிமேல் போடுவது நியாயமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிராம்பு விதை ஈரம் காய்ந்தால் சில நாட்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். ஜாதிக்காயும் அப்படித்தான், போதாக்குறைக்கு அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்து பூத்த பின்னர்தான் இன்னதென்று தெரியும். மிளகாய் வத்தலோ, கடையில் வாங்கிய ஒன்றைப் பிளந்தாலே பல பத்து விதைகள். காய்ந்தே ஓரிரு ஆண்டு தாங்கும். விதைத்த மூன்று நான்கு மாதத்தில் காய்த்துவிடும். சுண்ணாம்பில் நனைக்கவும் முடியாது, நனைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். காய்ந்தும் உயிரோடிருக்கும் விதைகளே கைமாறுவதற்கென்று பிறந்தவை. அவரை, வெண்டை, கத்தரி, சுரை, பீர்க்கு, புடல், பூசணி ஆகிய நம் வீட்டுத்தோட்டப் பயிர்கள் முழுவதும் அந்தக் குலம்.

எங்கள் பகுதியில் ஆனி, ஆடிச் சாரலில் மண் நனைந்ததும் விதைப் பேச்சு தொடங்கிவிடும். காய்க்கும் கொடியில் நன்கு திரண்ட ஒரு காயை 'விதைக்கு விட்டது' என்று அம்மா சொல்லிவிட்டால், வீட்டில் காய் இல்லாத நாளிலும் யாரும் அதைத் தொட மாட்டோம். பீர்க்கும் சுரையும் குலுக்கினால் ஓசை கேட்கும்வரை கொடியிலேயே காயும். அவரை விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பார்கள். கத்தரி பழுத்து மஞ்சளான பின் பிழிந்து கழுவி நிழலில் உலர்த்துவார்கள். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டிவிடுவதும் உண்டு. விதை கேட்டு வந்தவரிடம் காசு கேட்கும் வழக்கமில்லை. அளந்து கொடுக்கும் வழக்கமும் இல்லை. ஒரு கை அள்ளிக் கொடுப்பார்கள். வாங்கியவர் அடுத்த ஆண்டு வேறொன்றைக் கொண்டுவருவார், அல்லது மறந்துவிடுவார்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்துகொண்டதாகும். வீட்டுத்தோட்டத்தில் ஒரு பயிர் நிற்பது நாலைந்து கொடிகளில். ஒரு பூச்சி, ஓர் ஆடு, மழை பொய்த்த ஒரு பருவம் போதும், அந்த வீட்டில் அந்த வகை அற்றுப்போக. அப்போது போய் நிற்க வேண்டிய இடம் தான் முன்பு கொடுத்த வீடு. பத்து வீட்டுக்குக் கொடுத்தவளுக்குப் பத்துக் களஞ்சியம். அடுக்களையில் பூட்டி வைத்த விதை மூன்றாண்டில் செத்துவிடும். கொடுத்த விதை ஆண்டுதோறும் புதிதாகிக்கொண்டிருக்கும். முளைப்பாரிக்கு ஊரார் வீடுகளிலெல்லாம் தானியம் வாங்குவதை, விதையின் முளைப்பைச் சோதித்த பழைய ஏற்பாடு என்று விளக்குவோர் இருக்கிறார்கள். அவ்விளக்கம் பிற்காலத்தார் ஏற்றியதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் ஒருவர் வீட்டுத் தானியம் எப்படி முளைக்கிறது என்று ஊர்ப் பெண்கள் அனைவரும் பார்க்கிறார்கள் என்பது உண்மை.

நம் ஏடுகளின் கதையும் இதுவே. சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் வளர்ந்த உ.வே.சா. பின்னாளில் பத்துப்பாட்டைத் தேடிக்கொண்டு திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து கவிராயர் வீடுகளின் கதவைத் தட்டினார். 1889இல் அந்நூல் அச்சேறியது. ஓலை செல்லரிக்குமுன் யாரோ இரவல் வாங்கிப் படியெடுத்திருந்ததால்தான் தட்டிய கதவு திறந்தபோது உள்ளே ஏடு இருந்தது. ஓலைக்கு இரண்டு மூன்று நூற்றாண்டு ஆயுள் உண்டு. அவரைக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே ஒரு தலைமுறை 'யாராவது வைத்திருப்பார்கள்' என்று இருந்துவிட்டால் போதும். என் இளமையில் எங்கள் தெருவில் வரியோடிய குண்டுக் கத்தரி ஒன்று எல்லா வீட்டிலும் இருந்தது. அதற்குத் தனிப்பெயர்கூடக் கிடையாது, 'நம்ம கத்தரி' என்றுதான் சொல்வோம். பத்தாண்டுகளாகக் கேட்டுப் பார்க்கிறேன், ஒருவரிடமும் இல்லை.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை இந்தச் சங்கிலியில் சேராது. இரண்டு தாய்வழிகளைக் கலந்து உண்டாக்கிய அதன் காயில் விதை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறை தாயைப்போல் இராது, கலைந்துவிடும். விளைச்சலுக்கு அதை வாங்குவோரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதை அண்டை வீட்டுக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் தான் உண்டதைக் கொடுத்ததாகாது. நாட்டு வகைகளிலும் அவரையும் தக்காளியும் பெரும்பாலும் தம் பூவிலேயே கருவுற்றுக்கொள்ளும். சுரையும் பூசணியும் அப்படியல்ல. தேனீ அடுத்த வீட்டு மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். நாம் கொடுக்க மறுத்தாலும் அது கொடுத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, தன் விளைச்சலை விதை உட்படச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் பகிரவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தை வணிகப் பெயரிட்ட விதையாக விற்பது மட்டுமே விலக்கு. எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும், 2019இல் குஜராத்தில் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக நான்கு விவசாயிகள் மீது பெப்சிகோ நிறுவனம் தலைக்கு 1.05 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. எதிர்ப்பு வலுத்ததும் அவ்வாண்டு மே மாதம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ரகத்தின் பதிவு 2021 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2024 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த நீக்கத்தைத் தள்ளுபடி செய்தது. புறவாசல் அவரைக்கு இந்த வழக்குகள் வரப்போவதில்லை. ஆனால் கொடுப்பது இயல்பு என்றிருந்த காலம் போய், கொடுப்பது ஓர் உரிமை என்று பிரிவு எண் சொல்லி நிற்க வேண்டிய காலம் வந்துவிட்டதை அவை காட்டுகின்றன.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு கணக்கு இருந்தது. வருகிற விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசம். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 170க்கும் மேற்பட்ட நெல் வகைகள் இப்படி மீண்டன. முந்தானை முடிச்சில் கணக்கில்லாமல் நடந்ததை அவர் ஒரு கணக்காக்கினார். நாலூர் தள்ளி இருப்பவனை நம்புவதற்கு அது தேவைப்பட்டது. 2018 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். வாங்கிச் சென்ற விதை பல மாவட்டங்களில் முளைத்திருந்ததால் திருவிழா அவருக்குப் பின்னும் நடந்தது.

நகரங்களின் மாடித்தோட்டக்காரர்கள் இப்போது விதையைத் தபால் உறையில் போட்டு அனுப்பிக்கொள்கிறார்கள். சென்ற ஆடியில் எனக்கும் ஓர் உறை வந்தது: பதினொரு மூக்குத்தி அவரை விதைகள், ஒரு துண்டுத்தாளில் விதைத்த மாதமும் பறித்த மாதமும். ஏழு முளைத்தன. இரண்டு கொடிகளில் விதைக்கு விட்டிருக்கிறேன்.