மடியில் கிடந்த பேனாக்கத்தி

இலங்கையின் கொட்டகலைத் தேயிலைத் தோட்டங்களில் ஆண்பிள்ளைகள் புழங்கிய கத்தி இரண்டு. மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி இறக்குவதற்குக் கவ்வாத்துக் கத்தி. அது தோட்டத்து வேலைக்கு. வேட்டி மடியில் வெற்றிலையோடு கிடக்கும் பேனாக்கத்தி சொந்தத்துக்கு.

என் தாத்தாவின் பேனாக்கத்திக்கு மாட்டுக்கொம்புப் பிடி. நகம் வைத்து இழுக்க அலகில் ஒரு பள்ளம். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. அதில்தான் பாக்குச் சீவுவார், புகையிலை நறுக்குவார், எங்களுக்குக் கொய்யாப்பழம் வகுந்து கொடுப்பார். அவர் கைநாட்டு, பேனா பிடித்தவரில்லை. அவர் கத்திக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

கத்தி நம் சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அது கத்திதான். பேனா, மேசை, அலமாரி, சாவி என்ற சொற்களோடு போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. இலங்கையில் பேனை என்றும் சொல்வோம். போர்த்துக்கீச மொழியில் 'பெனா' என்றால் இறகு. ஐரோப்பாவில் அன்று பறவை இறகைச் சீவி, மையில் தொட்டு எழுதினார்கள். எழுத எழுத நுனி மழுங்கும். அதைச் சீவ வைத்திருந்த சிறு கத்திதான் ஆங்கிலத்தில் 'பென்நைஃப்'. 19ஆம் நூற்றாண்டில் உலோக முள் பரவியதும் இறகு போயிற்று. கத்தியும் பெயரும் நின்றன.

எழுத்தும் கத்தியும் ஒன்றாய் மடங்குவது நமக்குப் புதிதில்லை. மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் அதை விவரிக்கிறார்: மரத்தாலோ தந்தத்தாலோ கொம்பாலோ ஆன பிடி; எழுத்தாணியை மடக்கி அதற்குள் அடக்கிவிடலாம். சிலவற்றில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் பனையோலை வார ஒரு கத்தி. அங்கே இறகு, இங்கே ஓலை. இரண்டு இடத்திலும் எழுதுகிறவன் கையில் ஒரு மடக்குக் கத்தி.

மற்றப் பெயர்களுக்கும் காரணம் உண்டு. அலகை இறுக்கிப் பிடிக்கும் வில்லைப் பார்த்தவர்கள் வில்லுக்கத்தி என்றார்கள். சூரிக்கத்தி வடமொழிச் சொல்லின் வழிவந்தது; அதைச் சொன்னாலே சண்டை நினைவுக்கு வரும். பேனாக்கத்தியில் அந்தப் பயம் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போன முதல் நாள் காலை, லயத்து வீட்டு வாசலில் குந்தி, தாத்தா அந்தக் கத்தியால் என் பென்சிலைச் சீவிக் கொடுத்தார். பேனாக்கத்தி தன் பழைய வேலையைச் செய்தது அன்றுதான். அதை இன்றும் வைத்திருக்கிறேன்.

பழைய கத்திகளைத் தேடிச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கத்தியை வாங்கும்போது, அதை வீட்டில் என்ன சொல்லி அழைத்தார்கள் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். இரும்பைத் துரு தின்ன நாளாகும். சொல், அதைச் சொன்னவரோடு போய்விடும்.