வளைபந்தும் வாக்குச்சீட்டும்

அமெரிக்க நாட்டின் பேஸ்போல் ஆட்டம் நம்மவரிற் பலருக்குப் பழக்கமற்றது. கிறிக்கெற்றிற் பந்து வீசுவோனுக்குரிய இடம் அதிலே பந்தெறிவோனுக்கு உரியது. ஆயினும் ஒரு வழக்கு வேறு. ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் தனித்தனியே ஒரு பந்தெறிவோன் பெயரிற் பதியப்படும். தன் அணியினர் மட்டை பிடித்துப் போதிய ஓட்டம் ஈட்டாவிடின், அவன் திறம்பட எறிந்தும் தோல்வி அவன் கணக்கில் ஏறிவிடலாம். இவ்வழக்கினாற் பல்லாண்டு உரிய மதிப்புப் பெறாதிருந்தவர் பேர்ட் பிளைலெவன்.

1951 ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்திற் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திற் கனடா சென்று, பின்னர்க் கலிபோர்னியாவில் வளர்ந்தார். சாண்டி கூபக்ஸ் எறிந்த வளைபந்தினை வின் ஸ்கலி வானொலியில் வருணிக்கக் கேட்டு ஆர்வம் வளர்த்தார் என்பது நேயர்களாகிய நமக்கு உவப்பான செய்தியன்றோ? அவ்வளைபந்தே பின்னர் இவர்தம் படைக்கலமாயிற்று.

1970 இல், பத்தொன்பது வயதில், மினசோட்டா ருவின்ஸ் அணியிற் சேர்ந்தார். 1973 இல் 325 சுற்றுகள் எறிந்து, ஒன்பது சுற்றுக்குச் சராசரி 2.52 ஓட்டமே கொடுத்தார். எனினும் அவர் கணக்கில் எழுதப்பட்டவை 20 வெற்றியும் 17 தோல்வியும்! 1979 இலும் 1987 இலும் உலகத் தொடரை வென்ற அணிகளில் விளங்கினார். 1992 இல் அவர் ஓய்ந்தபோது, பந்தெறிந்தே வென்று வெளியேற்றிய மட்டையாளர் 3,701 பேர், ஓர் ஓட்டமும் கொடாது தனியே முடித்த ஆட்டங்கள் 60, வெற்றிகள் 287.

முந்நூறு வெற்றி என்னும் எல்லையைத் தொடாமையே குறையாகக் கருதப்பட்டது. புகழ் மண்டபத்துள் நுழைய நூற்றுக்கு 75 வாக்கு வேண்டும். 1998 இல் அவருக்குக் கிடைத்தது 17.5, மறு ஆண்டு 14.1. வெற்றிக் கணக்கு அணியின் கணக்கேயன்றித் தனியொருவன் கணக்கன்று எனப் புள்ளிவிவர ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அக்காலத்து விதி அளித்த பதினைந்து வாய்ப்புகளிற் பதினான்காவதில், 2011 இல், 79.7 வாக்குப் பெற்று உள்ளே புகுந்தார்.

இவ்விடைக்காலத்தே அவர் ஒரு பந்தேனும் புதிதாய் எறிந்தாரல்லர். மாறியது அளவுகோல் மட்டுமே. மாணவர்க்குப் புள்ளியிட்டு வரிசைப்படுத்தும் எம்போன்ற ஆசிரியர், எதனை அளக்கின்றோம் என்று பேனாவை எடுக்குமுன் ஒருகாற் சிந்தித்தல் நன்று.