ஒரு டிரம்ஸ் செட்டும் ஓர் அரையணாக் காசும்

மகள் வீட்டுக்குச் சிகாகோ வந்து ஏழு வாரம் ஆகிறது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989-ல் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் படித்தவர்களுக்கு ஒரு நாள் நினைவிருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி பாடம். இரண்டாம் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து வந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த ஒரு காசை என் மேசையில் வைத்தான். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் கம்பெனி பெயர், அரையணா, 1818. பாட்டியின் பூஜை அறையில் இருந்ததாம். நான் பார்த்த மாத்திரத்தில் "இது போலிடா, கம்பெனி இப்படி அரையணா அடிச்சதே இல்ல" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் சொன்னது சரிதான். அந்தக் காசுகள் பின்னாளில் யாரோ அடித்து விற்ற டோக்கன்கள். இன்றைக்கும் அதை லட்சக்கணக்கில் விலைபோகும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையன் அதற்குப் பிறகு என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை.

போன மாதம் அவன்தான் போன் செய்தான். "சார், நான் இங்கதான் நாப்பது நிமிஷத்துல இருக்கேன். ஒரு பொருளோட வயசு பாக்கணும். வருவீங்களா?" பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், போடவில்லை.

பொருள், ஒரு பழைய டிரம்ஸ் செட். அவனோடு வேலை பார்த்த வயதான அமெரிக்கர் ஒருவர் ஓய்வு நேரத்தில் அவனுக்கு டிரம்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாகும்போது தன் செட்டை இவனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "1964-ல பீட்டில்ஸை டிவியில பாத்த மறுவாரமே வாங்கினேன்" என்று ஆயிரம் தடவை சொல்வாராம். பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது கலந்துகட்டினது, 1964-மும் கிடையாது" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். பையன் (ஐம்பது வயதுப் பையன்) அதை விற்கப்போவதில்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: "அவர் எங்கிட்ட பொய் சொன்னாரா சார்?"

எனக்கு டிரம்ஸ் தெரியாது. நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். "ரிடையர் ஆனவரா, பரீட்சைக்குப் போறவரா?" என்று மகள் கேலி செய்தாள்.

அது லுட்விக் கம்பெனி செட். இந்தச் சிகாகோவில் 1909-ல் வில்லியம், தியோபால்ட் என்ற அண்ணன் தம்பி ஆரம்பித்தது. அதுவரை பெரிய முரசை ஒருவர், சின்னதை ஒருவர் என்று அடிப்பதுதான் பெருவழக்கம். அவர்கள் செய்த வேகமான கால் மிதியால் ஒரே ஆள் உட்கார்ந்து இரண்டையும் சமாளிக்க முடிந்தது. ஊமைப்பட தியேட்டர்களில் டிரம்ஸ்காரர்களுக்கு நல்ல பிழைப்பு. பேசும்படம் வந்தது, பிழைப்பு போனது. 1929 வாக்கில் கம்பெனியைக் கான் நிறுவனத்துக்கு விற்றார்கள். வில்லியம் 1937-ல் தனியாகத் தொடங்கியபோது தன் குடும்பப் பெயரையே பயன்படுத்த முடியவில்லை. தன் தலைப்பெழுத்துகளை வைத்து 'டபிள்யூ.எஃப்.எல்.' என்று பெயர் வைத்தார். 1955-ல்தான் 'லுட்விக்' பெயரைத் திரும்ப வாங்கினார்கள். ஆகவே முரசின் மேல் எந்தப் பெயர்த் தகடு இருக்கிறது என்பதே முதல் சாட்சி. கல்வெட்டில் அரசனின் பட்டப்பெயரைப் பார்த்துக் காலம் சொல்வதில்லையா, அதுபோலத்தான்.

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்தார்கள். ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். ரிங்கோ ஸ்டார் முன்னால் இருந்த பெரிய முரசின் தோலில் 'லுட்விக்' என்று எழுதியிருந்தது. அதன்பிறகு ஆலை இரவு பகலாக ஓடியது. ரிங்கோ தன் முதல் லுட்விக் செட்டை 1963-ல் லண்டனில் வாங்கினார். கருப்பு முத்துச்சிப்பி போன்ற உறை. அதே செட் 2015 டிசம்பரில் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலிக்குக் குறைவிருக்குமா?

அவன் வீட்டு அடித்தளத்தில் செட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் சாவி வைத்துத் திருகினான், நான் கேள்வி கேட்டேன்.

பெரிய முரசிலும் சின்ன டாமிலும் சாவிக்கல் வடிவத் தகடு, அதில் வரிசை எண். லுட்விக் எண் போடத் தொடங்கியது 1963 கடைசி வாக்கில். ஆக, எண் இருந்தால் அதற்கு முந்தியது அல்ல. அதற்குமேல் எண்ணை நம்பி நாள் குறிக்கக்கூடாது. எண் அடித்த தகடுகள் பெட்டியில் மொத்தமாகக் கிடக்கும். தொழிலாளி கைக்கு வந்ததை எடுத்து அடிப்பார். பின்னது முன்னால் போகும், முன்னது பின்னால் வரும். அது போக, பழைய தகட்டைக் கழற்றி வேறொன்றில் அடித்துவிடவும் முடியும். அதனால் தகட்டைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். இல்லை.

தோலைக் கழற்றி உள்ளே பார்த்தோம். வெள்ளை வண்ணம். மெல்லிய மரப்பட்டைகள் மூன்றை ஒட்டி வளைத்த கூடு, இரண்டு ஓரத்திலும் மரவளையம். அறுபதுகளின் வேலைப்பாடு. எழுபதுகளின் பிற்பாதியில் ஆறு பட்டைக்கு மாறி வளையத்தை விட்டுவிட்டார்கள். வெளி உறையின் இணைப்பையும் பார்த்தோம். ஓரம் மரத்தின் வெளிப்பட்டை இணைப்புக்குள் செருகியிருந்தது. மேலே ஒட்டிய உறையில் அப்படி இருக்காது. நட்டு பிடிக்கும் உலோகத் துண்டு ஒன்றைக் கழற்றியதும், ஒளி படாத இடத்தில் கருப்பு அப்படியே கருகருவென்று இருந்தது. சுற்றிலும் பழுப்பேறியிருந்தது. இந்த நிழலை எந்தப் போலிக்காரனும் ஒரே நாளில் உண்டாக்க முடியாது.

பெரிய முரசின் உள்ளே டார்ச் அடித்தபோது அவன்தான் பார்த்தான். சிவப்பு மையில் ஒரு ரப்பர் முத்திரை: ஏப்ரல் 1965.

அவன் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வருஷம் தள்ளி. வாங்க வந்தவர் சொன்னது சரி.

தரையில் நிற்கும் பெரிய டாம் இன்னும் மோசம். அதில் நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்த தகடு. அந்தத் தகடு 1969 கடைசி வாக்கில் வந்தது. உள்ளே சாம்பல் நிறப் புள்ளி வண்ணம். எழுபதுகளின் பொருள், சந்தேகமே இல்லை. போதாக்குறைக்குப் பெரிய முரசில் ஆலை போடாத இரண்டு துளைகள். சேகரிப்பாளர்களுக்கு அது ஆகாது; ஒரு துளை இருந்தாலே விலை சரிந்துவிடும்.

1989-ஆக இருந்தால் அங்கேயே தீர்ப்புச் சொல்லி எழுந்திருப்பேன். லொரென்ஸோ வல்லா 1440-ல், கான்ஸ்டன்டைன் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தானப் பத்திரத்தைப் பின்னாள் சொற்களை வைத்தே போலி என்று நிறுவினாரே, அந்தப் பாடத்தை நான் எத்தனை வருஷம் பெருமையாக நடத்தியிருக்கிறேன்! காலத்துக்குப் பொருந்தாத ஒரு துண்டு கிடைத்தால் போதும், கதை முடிந்தது என்று.

ஆனால் பத்திரம் வேறு, புழங்குகிற பொருள் வேறு. உடைந்தால் மாற்றுவார்கள், வசதிக்குத் துளை போடுவார்கள். "அவர் சம்பந்தப்பட்ட பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அந்த அம்மா கொடுத்த பெட்டி மேலே இருந்தது. ஏதோ கல்யாண வரவேற்பில் வாசிக்கும் படம், பின்புறம் பேனாவில் 1973. முரசின் மேல் சிம்பல் தாங்கி ஒன்று. அது நின்ற இடமும் நம் இரண்டு துளைகளும் ஒன்றே. பக்கத்தில் தரை டாம், மற்றவற்றைவிட ஒரு மாற்றுக் குறைந்த கருப்பு. கலந்துகட்டியது வியாபாரி அல்ல, அவரேதான். வாசித்துப் பிழைத்த மனிதர், ஏதோ காரணத்துக்காக ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

"அப்ப 1964?" என்றான்.

அவனுக்கு எங்கள் பெரியம்மா கதையைச் சொன்னேன். தன் இளைய மகன் தனுஷ்கோடி புயலன்று பிறந்தவன் என்று சாகும்வரை சாதித்தார். புயல் 1964 டிசம்பர். பதிவேட்டில் பிள்ளை பிறந்தது 1965 ஆவணியில். பெரியம்மா பொய் சொல்லவில்லை. பெரிய சம்பவம் பக்கத்தில் இருப்பதையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும். டிவியில் பார்த்தார், ஆசைப்பட்டார், ஒரு வருஷத்துக்கு மேல் காசு சேர்த்தார், வாங்கினார். காசு சேர்த்த வருஷம் மட்டும் கதையிலிருந்து உதிர்ந்துவிட்டது. இது என் ஊகம்தான், ரசீது கிடைக்கவில்லை. முத்திரை உண்மை, அவர் வாசித்தது உண்மை, '64' மட்டும் தப்பு என்று அவனிடம் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எல்லாத் திருகுகளையும் அது அது இருந்த இடத்திலேயே முடுக்கினான். எனக்காக ஒரு தடவை அடித்துக் காட்டினான். அடித்தளம் அதிர்ந்தது. மேலே அவன் மனைவி காபி டம்ளரை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

காரில் திரும்பும்போது கேட்டேன், "ஏம்ப்பா, அந்த அரையணாக் காசு என்னாச்சு?"

"அம்மா வீட்டு பூஜை ரூம்ல இருக்கு சார்."

"பாட்டிக்கு அது எங்க கிடைச்சுது?"

"தாத்தா கல்யாணமான புதுசுல திருவிழாக் கடையில வாங்கிக் குடுத்தாராம். அன்னிக்கு அதைச் சொல்லத்தான் கொண்டாந்தேன்."

அந்த வகுப்பில் இருந்த மற்றவர்கள் இதைப் படித்தால், அவனுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். எண் வேண்டுமானால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அவனிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன். வரும் சனிக்கிழமை டேமன் அவென்யூவில் அந்தப் பழைய ஆலை இருந்த இடத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றிருக்கிறான். முழங்கால் ஒத்துழைத்தால் போவேன்.